வால் முளைத்த சைபர்

2021 ஜூன் 19, சனி

எங்கள் கல்லூரி இன்று கண் நலம் பற்றி ஓர் இணையவழிக் கருத்தரங்கு நடத்தியது. காலை பத்து மணியிலிருந்து மதியம் ஒன்றேகால் வரை. இடைவேளை இல்லை. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை திரையிலிருந்து கண்ணை எடுத்து, இருபது அடி தள்ளி இருக்கும் எதையாவது இருபது விநாடி பார்க்க வேண்டும் என்று பேச்சாளர் சொன்னார். சொல்லிவிட்டு நூற்றுப் பத்து ஸ்லைடு போட்டார். அவர் பேச்சைக் கேட்டு நான் கண்ணை எடுத்த நேரமாகப் பார்த்து வருகைப் பதிவு இணைப்பைப் போட்டு, இரண்டு நிமிடத்தில் மூடியும்விட்டார்கள். கண் நலத்தில் எனக்கு ஆப்சென்ட்.

எங்கள் வீட்டில் இருபது அடி கிடையாது. பன்னிரண்டாவது அடியில் சுவர் வந்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இதுதான் கடைசி செமஸ்டர். எம்.எஸ்சி. புள்ளியியல். தினமும் ஆறு மணி நேரம் போனில் வகுப்பு, பிறகு பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் அசைன்மென்ட். கண் லேசாக எரிகிறது. லேசாகத்தான்.

ஜூன் 22, செவ்வாய்

புதிதாக வந்த மேடம், டாக்டர் ஹெப்சிபா, எல்லாரையும் கேமராவைப் போட்டு அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார். ஊர், விருப்பம், பெற்றோர் செய்யும் வேலை. என் முறை வந்தபோது சிக்னல் சரியில்லை என்றேன். கேமரா போட்டால் பின்னால் அம்மா சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுவது தெரியும். அதனால் அல்ல, சிக்னல் நிஜமாகவே அவ்வளவு நன்றாக இல்லை. அப்பா லாஜிஸ்டிக்ஸில் இருக்கிறார் என்றேன். அது பொய் இல்லை. பார்சல் ஆபீஸில் பெட்டி ஏற்றி இறக்குவதற்கு இங்கிலீஷில் அந்தப் பெயர்தான்.

என் பெயர் பேச்சிசெல்வி. திரையில் 'செல்வி ஏ'. பெயரைச் சுருக்கினால் டேட்டா மிச்சம்.

ஜூன் 26, சனி

தலைவலி. இதற்கு மேல் எழுதினால் தலை கோபித்துக்கொள்ளும்.

ஜூன் 30, புதன்

வகுப்பில் ஒரு அட்டவணையை வாசிக்கச் சொன்னார்கள். எட்டையெல்லாம் மூன்று என்று வாசித்தேன். துறைத்தலைவர் ராஜரத்தினம் சார், புள்ளியியல் மாணவிக்கு எண்ணாவது தெரிய வேண்டாமா என்றார். நாற்பத்தொரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

சாயங்காலம் ரெக்கார்டு நோட்டு ஜெராக்ஸ் எடுக்க நஸ்ரினின் ஸ்கூட்டியில் டவுனுக்குப் போனோம். நஸ்ரின் என் வகுப்புத் தோழி, மேலப்பாளையம். பார்சல் ஆபீஸ் வாசலில் லாரி நின்றதால் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. அங்கே தலையில் பெட்டியோடு ஒருவர் நின்றார். காக்கிச் சட்டை, முகத்தில் துண்டு கட்டியிருந்தார். எங்கள் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கினார். எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கண் அப்படி ஆகிவிட்டது. லாரி நகர்ந்தது, நாங்களும் போய்விட்டோம்.

அப்பா வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டுக் கேட்டார்: “இன்னைக்கு ஆபீஸ் வாசல்ல நின்னேன், பாக்கலியாம்மா?”

“கண்ணு தெரியலப்பா. தூரத்துல இருக்கது எல்லாம் மங்கலாத் தெரியுது.”

அப்பா சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சனிக்கிழமை கண் டாக்டரிடம் போகலாம் என்றார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன்.

ஜூலை 3, சனி

கண் ஆஸ்பத்திரி. வரிசையில் பாதிப் பேர் என் வயது. எல்லாரும் கண் வலிக்காகக் காத்திருந்த இரண்டு மணி நேரமும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் அம்மா என்னை வரிவரியாக எழுத்து வாசிக்கச் சொன்னார். கடைசி இரண்டு வரி தவிர மற்றதெல்லாம் வாசித்துவிட்டேன். கண் காய்ந்திருக்கிறது, கிட்டத்திலேயே பார்த்துப் பார்த்து உள்ளே இருக்கும் தசை கொஞ்சம் இறுகியிருக்கிறது, சொட்டு மருந்தும் ஓய்வும் போதும் என்று எழுத ஆரம்பித்தார். அங்கேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

அப்பா குறுக்கிட்டார். “டாக்டர், பத்தடி தூரத்துல நிக்கேன். பெத்த அப்பன், என்னையே பிள்ளைக்கு அடையாளம் தெரியல.”

டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அப்படியாம்மா?”

நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது, அப்பா பக்கத்தில் இருந்தார்.

டாக்டர் சீட்டை மாற்றினார். இறுகிய தசையை முழுசாகத் தளர்த்தும் வேறு மருந்து, ஒரு வாரம் போட வேண்டும். போடுகிற நாளிலும் அதற்குப் பிறகு சில நாளும் கிட்டத்தில் எதுவும் தெரியாது, வாசிக்க முடியாது, வெளிச்சம் கூசும். பரீட்சை எப்போது என்றார். இருபத்தாறாம் தேதி. அப்படியானால் பயமில்லை என்றார்.

ஜூலை 6, செவ்வாய்

மருந்து வேலை செய்கிறது. கண்மணி கோலிக்குண்டு அளவுக்கு விரிந்திருப்பதாக அம்மா சொன்னாள். தெருக்கோடியில் இருக்கும் மாவு மில் போர்டில் உரிமையாளர் பெயர் வரை வாசிக்கிறேன். கையில் இருக்கும் போன் ஆன் ஆகியிருக்கிறதா என்று தெரியவில்லை. இதைப் பெரிய எழுத்தில் குத்துமதிப்பாக எழுதுகிறேன். கோடு இருக்கும் இடத்தில் எழுத்து இருக்கிறதா என்று கேட்கக் கூடாது.

வகுப்பைக் காதால் கேட்கிறேன். ஒன்றும் புரியவில்லை. கண் தெரிந்தபோதும் அப்படித்தான் இருந்தது.

ஜூலை 8, வியாழன்

பரீட்சையை முன்னால் தள்ளிவிட்டார்கள். இருபத்தாறு இல்லை, பன்னிரண்டு. 'மாணவர் நலன் கருதி' என்று அறிவிப்பில் இருக்கிறதாம். நஸ்ரின் போனில் வாசித்துச் சொன்னாள்.

கல்லூரிக்குப் போன் போட்டேன். பார்வைப் பிரச்சினை உள்ளவர்கள் உதவியாளர் வைத்துக்கொள்ள விதி இருக்கிறதாம். பரீட்சைக்கு ஏழு நாள் முன்னால் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சைக்கு நான்கு நாள்தான் இருக்கிறது என்றேன். அப்படியென்றால் கால அவகாசம் முடிந்துவிட்டது என்றார்கள். அறிவிப்பே இன்றைக்குத்தானே வந்தது என்றேன். அதையும் இணையத்தில் புகாராகப் பதியச் சொன்னார்கள். இணையத்தை வாசிக்க முடிந்தால் நான் ஏன் போன் போடுகிறேன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்கள்.

மருந்தை நிறுத்தினால் உடனே தெரியுமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டோம். இப்போதே நிறுத்தினாலும் பத்து நாளாவது ஆகும். இந்தப் பேப்பர் எழுதாவிட்டால் மறுபடி எழுத அடுத்த ஜூன்தான். காலேஜ் மூலமாகக் கிடைத்திருக்கும் வேலைக்கு ஆகஸ்டுக்குள் எல்லாத் தாளும் தேர்ச்சி காட்ட வேண்டும்.

அம்மா அழுதாள். நான் அழவில்லை. கண்ணில் நீர் வருவது மருந்தின் பக்க விளைவு.

வீட்டில் ஒரே ஒரு வாசிப்புக் கண்ணாடி, அப்பாவுடையது. போட்டுப் பார்த்தேன். எழுத்து புகை மாதிரி தெரிந்தது, லேப்டாப் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. அப்பா என் முகத்திலிருந்து அதைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டார்.

“தினம் ஐந்நூறு பெட்டி அட்ரஸ் வாசிக்கேன். எல்லாம் இங்கிலீஸ்லதான. கேள்விய நான் வாசிக்கேன், நீ விடையச் சொல்லு.”

அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது என்பது விதி. அப்பாவிடம் சொன்னேன். கண் தெரியவில்லை என்று அவர்களிடமும்தானே சொன்னோம் என்றார்.

ஜூலை 12, திங்கள்

பரீட்சை முடிந்தது. ஒரு மணி நேரம், நாற்பது கேள்வி, நான்கு விடையில் ஒன்றை அமுக்க வேண்டும். கண்காணிப்பு மென்பொருள் முதலில் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லும். அப்பா அடுப்படியில் நின்றார். காட்டி முடித்ததும் வந்து, கேமராவுக்குத் தெரியாத பக்கமாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அப்பா எட்டாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டி வாசிப்பார். வாசிப்பது என்று முடிவு செய்துவிட்டால் ஒன்றையும் விடமாட்டார். கோடிட்ட இடத்தை “கோடு, கோடு, கோடு” என்றார். ஆனால் புள்ளியியலில் பாதி கிரேக்க எழுத்து. அது பார்சலில் வராது.

“இந்தா, இங்க ஒரு சைபர் இருக்கு. மேல வால் முளைச்சிருக்கு.”

சிக்மா. அடுத்தது முள்ளு முள்ளாக ஒரு இங்கிலீஷ் ‘இ’. அது பெரிய சிக்மா. பிறகு ‘சரிஞ்சு நிக்க எக்ஸு, தோள்ல ரெண்டு’. அது கை ஸ்கொயர், கிரேக்க எழுத்து ‘கை’யின் வர்க்கம். இரண்டு வருடம் ராஜரத்தினம் சார் நடத்தியதைவிட இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஹெட்டரோஸ்கெடாஸ்டிசிட்டி என்ற வார்த்தை வந்தபோது அப்பா மூன்று முறை முயன்றார். வியர்த்துவிட்டது. நானே இன்னதென்று சொல்லிவிட்டேன். “ஆங், அதேதான்” என்றார், ஏதோ ரொம்ப நாள் பழக்கம் மாதிரி.

முப்பத்தாறு சரியாக இருக்கும். கடைசி இரண்டுக்கு நேரம் போதவில்லை. அப்பா மன்னிப்புக் கேட்டார். வேகமாக வாசிக்க வரவில்லையாம்.

ஜூலை 15, வியாழன்

மின்னஞ்சலில் கடிதம் வந்தது. இப்போது எழுத்தைப் பெரிதாக்கினால் வாசிக்க முடிகிறது. 'தேர்வு முறைகேடு: விளக்கம் கோருதல்.' பார்வை விலகல் ஐம்பத்தேழு முறை. அந்நியக் குரல், தொடர்ச்சியாக. நாளைக்குள் எழுத்தில் விளக்கம், இருபத்திரண்டாம் தேதி காணொளி விசாரணை, பெற்றோர் உடனிருக்க வேண்டும்.

கண்ணைக் கெடுத்தது திரை. அது கெட்டுப்போனதைக் கண்டுபிடித்துப் புகார் செய்ததும் திரை. வேலையை முழுசாகச் செய்கிறது.

ஜூலை 16, வெள்ளி

நஸ்ரின் டிவி சத்தம் என்று எழுதச் சொன்னாள். எந்த டிவியில் கை ஸ்கொயர் ஓடும்? நடந்ததை நடந்தபடி எழுதேன், உங்கப்பாதானே என்றாள். அவளுக்கென்ன, அவள் அப்பா ஸ்கூல் ஹெட்மாஸ்டர்.

டாக்டர் சீட்டைப் படம் எடுத்து இணைத்தேன். எழுத்தைப் பெரிதாக்கி நானே தட்டினேன். மூன்று வரிதான். பார்வை தெரியாததால், வீட்டுக்குப் பார்சல் கொண்டு வந்த ஒருவர் கேள்விகளை வாசித்து உதவினார் என்று எழுதினேன்.

இது சாமர்த்தியம். வீட்டு ஆள் என்றால் திட்டமிட்டுச் செய்தது ஆகிவிடும். வெளி ஆள் என்றால் தற்செயல். அதற்காகத்தான்.

என்ன எழுதினாய் என்று அப்பா கேட்டார். கண் விஷயத்தை எழுதினேன் என்றேன். சரி என்று போய்விட்டார்.

ஜூலை 22, வியாழன்

காலை பதினோரு மணி. அப்பா விடுப்புப் போட்டிருந்தார். காக்கிச் சட்டைதான் போட்டிருந்தார். வெள்ளைச் சட்டையை அம்மா முந்தின நாளே தேய்த்து வைத்திருந்தாள். கூப்பிட்டால் மட்டும் வந்தால் போதும், தள்ளி உட்காருங்கள் என்று சொல்லியிருந்தேன். அதனால் அதைப் போடவில்லை போலும்.

திரையில் மூன்று பேர். தேர்வுக் கட்டுப்பாட்டாளர், ராஜரத்தினம் சார், ஹெப்சிபா மேடம். முதல் கால் மணி நேரம் கட்டுப்பாட்டாளர் பேசினார், மைக்கை அணைத்து வைத்துக்கொண்டு.

பிறகு பதிவைப் போட்டார்கள். “சைபர் இருக்கு. மேல வால் முளைச்சிருக்கு.” என் வீட்டில் கேட்ட குரல் கல்லூரியிலிருந்து திரும்பி வந்தது. கட்டுப்பாட்டாளர், இது விடையைச் சொல்லும் சங்கேத பாஷை என்று ஐயப்படுவதாகச் சொன்னார். வால் என்றால் ‘சி’ விடையாக இருக்கலாமாம். ஹெப்சிபா மேடம் வாயைக் கையால் மூடிக்கொண்டார். இருமல் என்று நினைத்தேன்.

அடுத்து என் விளக்கத்தைச் சத்தமாக வாசித்தார்கள்.

“பார்சல் கொண்டு வந்த ஒருவர்,” என்று கட்டுப்பாட்டாளர் மறுபடியும் வாசித்தார். “பார்சல் குடுக்க வந்தவரு எதுக்கு ஒரு மணி நேரம் உக்காந்து புள்ளியியல் வாசிக்காரு?”

அப்பா பக்கம் திரும்ப முடியவில்லை. திரும்பினால் பார்வை விலகல்.

ஸ்டூல் நகர்ந்த சத்தம் கேட்டது. அப்பா எழுந்து வந்து, கேமராவுக்கு முன்னால் கொஞ்சம் குனிந்து நின்றார். அடுத்தவர் வீட்டுக்குள் வந்து நிற்பது மாதிரி, என் நாற்காலியைத் தொடாமல்.

“நாந்தாங்க சார் அது. பார்சல் ஆபீஸ்ல வேல. பார்சல் கொண்டாந்தேன். இந்தப் பிள்ள கண்ணு தெரியலன்னுச்சு. பாவமா இருந்துச்சு, வாசிச்சுக் குடுத்தேன். வேற ஒண்ணும் சொல்லலங்க.”

இந்தப் பிள்ளை என்றார்.

அன்றைக்கு டவுனில், லாரிக்குப் பக்கத்தில், எனக்கு நன்றாகத் தெரிந்தது. துண்டுக்கு மேலே கண் தெரிந்தது. கையைத் தூக்கியது தெரிந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்திருப்பார். டாக்டரிடம் அவர் சொன்னது, என் கண்ணைப் பற்றி அவர் நிஜமாகவே நம்பியதா, இல்லை நம்ப விரும்பியதா என்று எனக்குத் தெரியாது.

“சார், இது எங்க அப்பா,” என்றேன். “ஆறுமுகநயினார். நான் எழுதினது பொய். பரீட்சை தேதிய நீங்க மாத்துனதால வேற வழியில்லாம நாந்தான் வாசிக்கச் சொன்னேன்.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்பது மாதிரி தலையை ஆட்டினார். கட்டுப்பாட்டாளர் மறுபடியும் மைக்கை அணைத்துவிட்டுப் பேசினார்.

ஹெப்சிபா மேடம்தான் ஆரம்பித்தார். திரையில் ஒரு புதுக் கேள்வியைப் போட்டு, ஐயா இதை வாசியுங்கள் என்றார். அப்பா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். இஃப், தி, வே... வேரி... வேரியன்ஸ். இரண்டு நிமிடம் ஆயிற்று. நடுவில் வந்த எழுத்தை, இது நம்ம வால் முளைச்ச சைபர் என்றார். விடை என்ன என்று ராஜரத்தினம் சார் கேட்டார்.

“எனக்கு எப்படிங்க தெரியும். அட்ரஸ்னா எந்த ஊருக்குப் போகணும்னு தெரியும். இது எங்க போகும்னு பிள்ளைக்குத்தான் தெரியும்.”

ராஜரத்தினம் சார் என்னிடம் கேட்டார். சொன்னேன். சரி என்றார். இந்த இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் சரி என்று சொன்னது இதுதான் முதல் முறை.

இந்தத் தேர்வு ரத்து, ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி நேரில் வந்து தாளில் எழுத வேண்டும், மற்ற உத்தரவு பின்னால் வரும் என்று முடித்தார்கள். அப்பா கும்பிட்டார். இணைப்பைத் துண்டித்த பிறகும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலை 23, வெள்ளி

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நன்றாக இருக்கும்.

ஆகஸ்ட் 9, திங்கள்

பரீட்சை எழுதினேன். நிஜமான மேஜை, நிஜமான காகிதம். கண் ஏறக்குறைய பழையபடி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில், இனி அரை மணிக்கு ஒரு முறை எழுந்து வெளியே போய் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். பரீட்சை அறையில் ஒரு முறை நிமிர்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வேப்பமரம் இருந்தது. யாரும் எண்ணிக் குறித்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 27, வெள்ளி

உத்தரவு வந்தது. தபாலில், நிஜமான தாளில். இணையவழிக் கல்லூரிக்கு இது எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை.

அப்பா வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். வாசிச்சுச் சொல்லும்மா என்றார். அம்மா சுளகைக் கீழே வைத்தாள். நான் நின்றுகொண்டே வாசித்துத் தமிழில் சொன்னேன். முதல் பத்தி, மறுதேர்வில் எழுபத்தெட்டு மதிப்பெண், தேர்ச்சி. அம்மா சுவரில் இருந்த அம்மன் படத்தைப் பார்த்தாள். இரண்டாவது பத்தி, மருத்துவக் காரணத்தால் முறைகேட்டுப் புகார் கைவிடப்படுகிறது.

மூன்றாவது பத்தி ஒரே வரி. தாளை மடித்துவிடலாம் என்றுதான் கை போயிற்று. அப்பாவின் கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது, ஆனால் அவர் அதை எடுக்கவில்லை. நான் சொல்லுவதைக் கேட்கத்தான் நின்றார்.

“எழுத்து விளக்கத்துல தவறான தகவல் குடுத்ததுக்காக மாணவியைக் கண்டிக்கிறோம்னு போட்டிருக்கு.”

“என்ன தகவல்னு போட்டிருக்கா?”

“இல்லப்பா. போடல.”

“நல்ல மனுசங்கதான்,” என்றார் அப்பா. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார்.